ஓராண்டு விடுப்பு ஆடம்பரம் அன்று

நடுவர் அவர்களே, எதிரணியினரே, பாளையங்கோட்டைப் பெருமக்களே, வணக்கம்.

பேராசிரியர் ஒருவர் ஓய்ந்து சிந்திப்பதற்கென ஓராண்டு விடுப்பு எடுப்பது தேவையா, ஆடம்பரமா என்னும் வழக்கில் தேவையே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், கோடை விடுமுறை இருக்கையில் இன்னொரு விடுமுறை எதற்கு என்று கேட்டுக் கைதட்டலும் பெற்றார். அந்தக் கோடை எங்கே போகிறது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. விடைத்தாள் திருத்தும் முகாமிலும், மாணவர் சேர்க்கையிலும், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கான கோப்புகளைத் தொகுப்பதிலும் கரைகின்ற நாட்களை ஓய்வு என்று அழைக்க, அவற்றை அருகிருந்து பாராதவரால்தான் முடியும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகம் இவ்வழக்கத்தை 1880-லேயே தொடங்கிவிட்டது. நம் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளும், இணைப் பேராசிரியராகவோ பேராசிரியராகவோ 7 ஆண்டுகள் பணியாற்றிய நிரந்தர ஆசிரியருக்கு, ஒரு முறைக்கு ஓராண்டுக்கும் பணிக்காலம் முழுமைக்கும் ஈராண்டுக்கும் மிகாமல், முழு ஊதியத்துடன் இவ்விடுப்பை வழங்கலாம் என்கின்றன. அக்காலத்தில் வேறு நிறுவனத்தில் நிரந்தரப் பணி ஏற்கக் கூடாது என்ற தடையும் அவற்றில் இருப்பதால், 'இரட்டைச் சம்பளம்' என்று எதிரணியினர் எழுப்பிய கூச்சலுக்கு இடமில்லை.

நம் மாவட்டத்து இடையன்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1841 முதல் அங்கே ஆலயப் பணி, பள்ளிப் பணி, ஊர்ப் பணி என்று உழைத்த கால்டுவெல், திராவிட மொழிகளை ஒப்பிடுவதற்கான அறிவையெல்லாம் இம்மண்ணில்தான் திரட்டினார். ஆனால் அவருடைய ஒப்பிலக்கணம், உடல்நலம் குன்றித் தாயகம் சென்று தங்கியிருந்த காலத்தில்தான், 1856-ல் இலண்டனில் வெளிவந்தது. அவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர், அவ்விடைவெளி விரும்பிப் பெற்றதும் அன்று என்று எதிரணியினர் குறுக்கிடலாம். உண்மைதான். நோய் வந்தால்தான் நூல் எழுத நேரம் கிடைக்கும் என்ற நிலை வேண்டாம் என்றுதானே விடுப்புக் கேட்கிறோம்?

முதல் மாதமே ஆய்வேடு எங்கே என்று கேட்பதும் முறையன்று. பல ஆண்டுகள் ஒரே பாடத்தை நடத்தியவருக்கு, அதில் தாம் எதை நம்புகிறோம், எதை வெறும் பழக்கத்தால் சொல்கிறோம் என்று பிரித்தறியவே சில மாதங்கள் வேண்டும்.

வகுப்பை யார் நடத்துவார் என்ற வினா ஒன்றே எதிரணியின் வாதங்களில் கனமானது. கல்லூரி ஆசிரியர் பணிக்கான செட், நெட் தகுதித் தேர்வுகளில் வென்றும் வேலையின்றிக் காத்திருக்கும் இளைஞர்கள் நெல்லையில் பலர் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரை அந்த ஓராண்டுக்கு நியமிக்காமல் விடுவது நிர்வாகத்தின் குறை. அக்குறைக்காக விடுப்பெடுத்தவரைக் கூண்டில் ஏற்ற வேண்டாம் என்று நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.