ஈரக் கையுறை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கற்பனை விளையாட்டுகள் உண்டு. அவற்றின் பனிநில விதிநூல்களுக்கு உயிர் தருவது நம்பகமா, கொண்டாட்டமா? நான் நம்பகத்தின் பக்கம்.

எனக்கு முன் பேசிய நண்பர் அரங்கையே அதிரவைத்தார்: "மணிக்கொரு முறை குளிருக்குப் பகடை உருட்டினால் அது விளையாட்டா, வானிலை அறிக்கையா?" அவர் சாடும் விதி எது? அத்தகைய விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில், மைனஸ் 18 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ மணிக்கொரு பகடை. தோற்றால் களைப்பு ஒரு படி ஏறும். ஆறாம் படியில் மரணம். ஆனால் குளிருக்கான உடை போட்டிருந்தால் உருட்டாமலே வெற்றி! ஒரு கோட்டு வாங்கியதும் குளிர் முடிந்துபோயிற்று.

நண்பரே, உங்களுக்குச் சலிப்பூட்டியது நம்பகம் அல்ல, நம்பகம் இல்லாமை. உண்மைக் குளிரில் ஆபத்து அந்தக் கோட்டுக்குள்தான் தொடங்குகிறது. சறுக்குவண்டியை இழுத்தால் வியர்க்கும். நின்றால் வியர்வை உறையும். விரைவதா, உலர்ந்திருப்பதா? டிராகன் வரும் முன்பே கதை வந்துவிட்டது! 1912-இல் தென்துருவத்திலிருந்து திரும்பிய ஸ்காட் குழு, வழியில் வைத்துப்போன தகரங்களைத் திறந்தால் மண்ணெண்ணெய் குறைந்திருந்தது. மூடியின் தோல் வளையம் குளிரில் பிடிப்பை இழந்திருந்தது. எந்த அரக்கன் இப்படி வயிற்றைக் கலக்குவான்?

எங்கள் மேசைக்கு வாருங்கள். உறைந்த ஏரி. நடுவில் போகும்போது பனிக்கட்டி உடைந்து வில்லாளி உள்ளே விழுந்தாள். ஆட்டத்தை நடத்தியவர் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். கனடாவின் குளிர் ஆய்வாளர் கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்லித்தரும் கணக்கு அவருக்குத் தெரியும்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் கேட்கும் காலம் 10 நிமிடம், நினைவு தங்குவது 1 மணி நேரம். பகடையை யாரும் தொடவில்லை. கயிறு எங்கே, கோடரி எங்கே என்று ஒரே கூச்சல்!

இழுத்துப் போட்டோம். அப்பாடா என்றோம். "உடை நனைந்திருக்கிறது" என்றார் அவர், அவ்வளவுதான். அவள் விரல் மடங்கவில்லை. சிக்கிமுக்கி பிடிக்க முடியவில்லை. விறகு ஈரம். மந்திரவாதியிடம் ஒரே ஒரு தீ மந்திரம் மிச்சம், அதுவும் மறுநாள் டிராகனுக்கென்று காத்துவைத்தது. வேண்டாம் என்றோம், பொறு என்றோம், கெஞ்சினோம். மந்திரவாதியாக ஆடியவர் புதியவர். மூன்று மாதமாகப் பத்து வார்த்தை பேசாதவர். பென்சிலை எடுத்தார். அந்த மந்திரத்தின் மேல் ஒரு கோடு கிழித்தார். "விறகை மூட்டுகிறேன். முதலில் அவள் கையுறை காயட்டும்" என்றார்.

கோட்டு வாங்கினால் குளிர் போய்விடும் விதியில் அந்தக் கோடு விழுந்திருக்குமா, நடுவர் அவர்களே?

டிராகன் எங்களை அடித்து நொறுக்கியது. அது யாருக்கும் நினைவில்லை. நான்கு ஆண்டு கழித்து அதே புதியவர் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். பார்க்கப் போன எங்களுக்கு வாய் வரவில்லை. வில்லாளியாக ஆடிய தோழி மட்டும் கட்டிலருகே உட்கார்ந்து, ஊசி குத்திய அவர் கையை மெல்லப் பற்றி, "கையுறை காய்ந்துவிட்டதா?" என்று கேட்டாள். அவர் கண்ணைத் திறந்தார்.