வானம் யாருக்கு இருண்டது? (பட்டிமன்ற உரை)

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணில உட்கார்ந்திருக்கிற பெரியவங்களுக்கும், இவ்வளவு நேரமா பொறுமையா கேட்டுட்டு இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். லேட்டா வந்தவங்களுக்காக தலைப்பை ஒருதரம் சொல்லிடறேன். சூரியன் இருளும், சந்திரன் ஒளி கொடாதுன்னு பைபிள்ல தீர்க்கதரிசிகள் சொன்னாங்களே, அது நாம அண்ணாந்து பார்த்து நாள் குறிக்கிறதுக்கான வானத்து அடையாளமா, இல்ல அநியாயத்து மேல ஆண்டவர் கொடுக்கிற தீர்ப்போட படமா? நான் தீர்ப்போட படம்ங்கிற அணி. மேடைக்காக எடுத்துக்கிட்ட கட்சி இல்லைங்க, மனசார நம்புறதைத்தான் பேச வந்திருக்கேன்.

எதிரணித் தலைவர் ஐயா ஒரு கிரகணப் பட்டியல் வாசிச்சாங்க. 2014 ஏப்ரல், அக்டோபர், 2015 ஏப்ரல், செப்டம்பர், வரிசையா நாலு முழு சந்திர கிரகணம், நாலும் யூதர்களோட பஸ்கா பண்டிகையையும் கூடாரப் பண்டிகையையும் ஒட்டியே வந்துச்சு, அதனால யோவேல் தீர்க்கதரிசி சொன்ன இரத்த நிலா இதுதான்னு சொன்னாங்க, நல்லா கைதட்டும் விழுந்துச்சு. ஐயா, சந்திர கிரகணம் பௌர்ணமில மட்டும்தான் வரும். பஸ்காவும் பௌர்ணமியை ஒட்டித்தான், கூடாரப் பண்டிகையும் பௌர்ணமியை ஒட்டித்தான், ரெண்டுக்கும் நடுவுல ஆறு மாசம், இப்படித் தொடர்ச்சியா வர்ற கிரகணத்துக்கும் அதே ஆறு மாச இடைவெளிதான், அப்புறம் ரெண்டும் சேர்ந்து விழுறதுல என்ன ஆச்சரியம்? நாலு முழு கிரகணம் அடுத்தடுத்து வர்றது இந்த நூற்றாண்டுல மட்டும் எட்டு தடவை. பல வருஷத்துக்கு முன்னாடியே நிமிஷக் கணக்கா சொல்லிட முடியுற ஒரு விஷயத்தை, "ஒருவனும் அறியான்"னு ஆண்டவரே சொன்ன கடைசி நாளுக்கு அடையாளம்னு எப்படிங்க எடுத்துக்கிறது?

சரி, வசனத்துக்கே வருவோம். ஏசாயா 13ஆம் அதிகாரம், பத்தாம் வசனம். நட்சத்திரங்கள் ஒளி கொடாது, சூரியன் உதிக்கும்போதே இருண்டு போகும், சந்திரனும் பிரகாசிக்காது. இது யாரைப் பத்தி? அதே அதிகாரத்து முதல் வரிலயே இருக்கு, பாபிலோன். யாரை அனுப்பப் போறேங்கிறதும் பதினேழாம் வசனத்துல இருக்கு, மேதியர், பின்னாடி பெர்சிய ராஜாவுக்குக் கீழ வந்த ஜனம். கி.மு. 539ல பெர்சிய ராஜா கோரேசோட படை வந்துச்சு, அந்த சாம்ராஜ்யம் அதோட முடிஞ்சுது. பாபிலோன்காரங்களே களிமண் பலகைல எழுதின ராஜாங்க நாளாகமம் ஒண்ணு இன்னைக்கும் இருக்கு, அதுல படை சண்டையில்லாம நகரத்துக்குள்ள நுழைஞ்சுதுன்னு எழுதியிருக்கே தவிர சூரியன் இருண்டு போச்சுன்னு இல்ல. அப்போ ஏசாயா சொன்னது பலிக்கலையா? பலிச்சுது. இருண்டு போனது அந்த சிங்காசனம்.

இங்க கொஞ்சம் நிக்கணும் ஐயா, ஏன்னா இதுலதான் விஷயமே இருக்கு. அந்தக் காலத்துல வானத்தை பாபிலோன்காரங்க அளவுக்கு கவனிச்சவங்க ரொம்பக் குறைவு. ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து நிலா எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்துல நிக்குது, எந்தக் கோள் எங்க நகர்ந்திருக்கு, கிரகணம் எப்போ பிடிச்சுது எப்போ விட்டுச்சு, எல்லாத்தையும் ஈரக் களிமண்ல ஆப்பெழுத்துல குத்திக் குத்தி பதிஞ்சு வெச்சாங்க, அதே பலகைல அந்த மாசத்து வாற்கோதுமை விலையும் ஆத்துத் தண்ணி மட்டமும்கூட இருக்கும். கிரகணத்துக்கு பதினெட்டு வருஷச் சுழற்சி ஒண்ணு இருக்குன்னு பிடிச்சவங்களும் அவங்கதான். சூரியன் அவங்களுக்கு ஷமாஷ் தெய்வம், நிலா சின் தெய்வம், விடிவெள்ளி இஷ்தார். அவங்க கடைசி ராஜா நபோனிதுஸ் நிலாத் தெய்வத்துக்கு அவ்வளவு பக்தியா இருந்தவர். வானத்தை நம்பி, வானத்தைக் கும்பிட்டு, வானத்தைப் பார்த்து படை கிளப்புறதா வேணாமான்னு முடிவு பண்ணின ஒரு ராஜ்யத்துக்கிட்ட போய், உன் வானம் இருண்டு போகும்னு ஒருத்தர் சொல்றார்னா, நீ எதை நம்பி இந்த ஆட்டம் ஆடுறியோ அது உன்னைக் கைவிட்டுடும்னுதானே அர்த்தம்? இதே ஏசாயா 47ஆம் அதிகாரத்துல அதை மூடி மறைக்காமலே கேட்டுடறார், உன் ஜோசியரும் நட்சத்திரம் பார்க்கிறவங்களும் அமாவாசை கணிக்கிறவங்களும் எழும்பி வந்து உன்னைக் காப்பாத்தட்டும் பார்க்கலாம்னு.

எனக்கு நிஜமாவே மனசு வலிக்கிற இடம் இது. பாபிலோனுக்கு எதிரா சொன்ன வசனத்தைக் கையில வெச்சுக்கிட்டு, பாபிலோன்காரன் பண்ணின அதே வேலையை விசுவாசிங்க பண்ணலாமா? எரேமியா 10:2 இன்னும் நேரடியா இருக்கு, வானத்தோட அடையாளங்களைப் பார்த்து புறஜாதிங்க கலங்குறாங்க, நீங்க கலங்காதீங்கன்னு. இந்த ஒரு வசனத்துக்கு எதிரணில இருந்து யாருமே பதில் சொல்லல.

எசேக்கியேல் 32ம் அதே கதைதான், அங்க ஆள் பார்வோன். உன்னை அணைச்சுப் போடும்போது வானத்தை மூடுவேன், நட்சத்திரங்களை இருளப் பண்ணுவேன்னு வருது. அணைக்கப்படறது யாரு? பார்வோன். எகிப்துல ராஜாவை சூரியத் தெய்வத்தோட மகன்னு சொல்லித்தான் சிங்காசனத்துல உட்கார வெப்பாங்க. வீட்டுல பெரியவர் திடீர்னு போயிட்டா, கண்ணு முன்னாடி உலகமே இருண்டு போச்சுன்னுதானே நம்ம வாயில வரும், அப்படி ஒரு தேசமே சொல்லப் போகுதுங்கிறார் எசேக்கியேல்.

உடனே எதிரணில ரெண்டாவதா பேசின அக்கா கேட்டாங்க, அப்போ யாத்திராகமம் பத்தாம் அதிகாரத்துல மூணு நாள் இருட்டு வந்துச்சே அதுவும் வெறும் படமான்னு. இல்ல அக்கா. அது நடந்ததுன்னுதான் நானும் நம்புறேன். ஆனா இருபத்துமூணாம் வசனத்தையும் சேர்த்து வாசிங்க, இஸ்ரவேலர் குடியிருந்த இடத்துல மட்டும் வெளிச்சம் இருந்துச்சு. ஒரே தேசம், ஒரே வானம், அடிமையா செங்கல் அறுத்தவன் வீட்டுல வெளிச்சம், அடிமையா வெச்சிருந்தவன் வீட்டுல தடவிப் பார்க்கிற அளவுக்கு இருட்டு. ஆக கண்ணுக்கு முன்னாடி நடந்த அந்த இருட்டுக்கூட ஆள் பார்த்துத்தான் வந்துச்சு. என் அணி கேட்கிற கேள்வியும் அதுதான், எப்போ இருளும்னு கேட்காதீங்க, யாருக்கு இருளுது, எதுக்காக இருளுதுன்னு கேளுங்க.

யோவேல் விஷயத்துக்கு வர்றேன், எதிரணியோட பெரிய பலமே அவர்தான். "சூரியன் இருளாகவும், சந்திரன் இரத்தமாகவும் மாறும்." ஆனா யோவேல் புத்தகம் வானத்துல ஆரம்பிக்கல, வயல்லதான் ஆரம்பிக்குது. பச்சைப்புழு விட்டதை வெட்டுக்கிளி தின்னுச்சு, வெட்டுக்கிளி விட்டதை அடுத்தது தின்னுச்சுன்னு, திராட்சைச் செடியும் அத்தி மரமும் பட்டை உரிஞ்சு கிளை வெள்ளையா நிக்குதுன்னு ஒரு விவசாயி கண்ணால பார்த்த மாதிரி எழுதியிருக்கார். வெட்டுக்கிளிக் கூட்டம் வெயிலை மறைக்குமான்னு சந்தேகம் இருந்தா 1915ல எருசலேம் பக்கம் என்ன நடந்துச்சுன்னு தேடிப் பாருங்க, மார்ச் மாசத்துல கூட்டம் கூட்டமா வந்து சூரியனை மறைச்சுது, அதுக்கப்புறம் முட்டையில இருந்து வந்த குஞ்சுங்க நடந்தே போய் மிச்சம் இருந்த பச்சையெல்லாம் மேய்ஞ்சுது. யோவேல் அந்த இருட்டை வெச்சுத்தான் கர்த்தருடைய நாளை, அதாவது ஆண்டவர் தீர்ப்புக் கொடுக்க வர்ற நாளைப் பத்திப் பேசறார், பேசி முடிச்சு ஜனங்ககிட்ட என்ன கேட்கிறார்? நாள் எண்ணுங்கன்னா? "உங்கள் வஸ்திரங்களையல்ல, உங்கள் இருதயங்களைக் கிழித்து" திரும்பி வாங்கன்னு கேட்கிறார். அடையாளம் காட்டுறவர் இப்படிக் கெஞ்ச மாட்டார், தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியாதான்னு தவிக்கிறவர்தான் கெஞ்சுவார்.

வானத்தைப் பார்த்து ஏமாந்ததுக்கு சரித்திரத்துல சாட்சி இருக்கு. 1780 மே 19, அமெரிக்காவுல நியூ இங்கிலாந்து பகுதி. பகல்லயே இருட்டிக்கிச்சு, மெழுகுவர்த்தி இல்லாம சாப்பிட முடியல, பறவைங்க கூட்டுக்குப் போய் அடைஞ்சுடுச்சு, ராத்திரி வந்த நிலா சிவப்பா தெரிஞ்சுது. நியாயத்தீர்ப்பு நாள் வந்துருச்சுன்னு பல பேர் முழங்கால் போட்டாங்க. வடமேற்குல ரொம்ப தூரத்துல எரிஞ்ச காட்டுத்தீயோட புகைன்னு பின்னாடி தெரிஞ்சுது, அந்தத் தீயோட தழும்பு மரத்து வளையங்கள்லயே பதிஞ்சிருக்கு. அன்னைக்கு கனெக்டிகட் சட்டசபைல கூட்டத்தைக் கலைச்சுடலாம்னு பேச்சு வந்தப்போ ஆபிரகாம் டேவன்போர்ட்னு ஒரு உறுப்பினர் எழுந்து, இன்னைக்கு அந்த நாள் இல்லைன்னா கலைய வேண்டியதில்ல, அந்த நாள்தான்னா என் கடமைல இருக்கிறப்போ ஆண்டவர் என்னைப் பார்க்கட்டும், மெழுகுவர்த்தி கொண்டு வாங்கன்னு சொன்னதா பதிஞ்சிருக்காங்க. தீர்க்கதரிசிகளை சரியா வாசிச்ச மனுஷன் அவர்தான்னு நான் சொல்லுவேன்.

மத்தேயு 24:29ஐ எடுத்து, இயேசுவே சூரியன் அந்தகாரப்படும்னு சொல்லியிருக்காரேன்னு கேட்டாங்க. கடைசி நாள்னு ஒண்ணு இல்லவே இல்லன்னு நாங்க சொல்லல, அதைத் தெளிவா சொல்லிடறேன். ஆனா அவர் எடுத்துப் பேசறது ஏசாயா பாபிலோனுக்குச் சொன்ன அதே வார்த்தைங்க, கேட்டுட்டு இருந்த சீஷங்களுக்கு அது சின்ன வயசுல இருந்து காதுல விழுந்த வசனம். அந்தப் பேச்சு எங்க போய் முடியுதுன்னு பாருங்க, அடுத்த அதிகாரத்துல, பசியா இருந்தேன் சாப்பாடு கொடுத்தீங்களா, காவல்ல இருந்தேன் வந்து பார்த்தீங்களான்னு கேட்கிற இடத்துல. கிரகணத்தைக் கவனிச்சீங்களான்னு அங்க ஒரு கேள்வியும் கிடையாது.

கடைசியா ஆமோஸ். இவரை எதிரணி பயன்படுத்தின விதம்தான் எனக்கு ஒத்துக்கவே முடியல. 8:9, "மத்தியானத்திலே சூரியனை அஸ்தமிக்கப்பண்ணி", இதை மட்டும் வாசிச்சுட்டு, கி.மு. 763 ஜூன் 15ல ஒரு சூரிய கிரகணம் வந்தது அசீரியப் பட்டியல்லயே பதிவாகியிருக்கு, ஆமோஸ் காலமும் அதுதான், கணக்கு சரியா வருது பாருங்கன்னு சொன்னாங்க. கிரகணம் வந்தது உண்மை. அந்தத் தலைமுறை மனசுல அது பதிஞ்சும் இருக்கலாம். ஆனா மத்தியானத்துல எதுக்கு சூரியன் அஸ்தமிக்கணும்? காரணம் நாலாம் வசனத்துல இருந்து இருக்கு. மாதப்பிறப்பு எப்போ முடியும் தானியம் விக்கலாம், ஓய்வுநாள் எப்போ முடியும் பண்டகசாலையைத் திறக்கலாம்னு காத்துக்கிட்டு இருக்கிற வியாபாரிங்க. ஆராதனைல உட்கார்ந்திருக்கான், மனசு தராசுல இருக்கு. அந்தத் தராசும் கள்ளத் தராசு. அளந்து போடுற மரக்காலைச் சின்னதாக்கி, காசு வாங்குற எடைக்கல்லைப் பெருசாக்கி, கூட்டித் தள்ள வேண்டிய பதரையும் சேர்த்து வித்து, ஒரு ஜோடு செருப்பு விலைக்கு ஏழையையே வாங்கிப் போட்டுக்கிறான். இது பாபிலோன் இல்ல, எகிப்து இல்ல, ஆண்டவரோட சொந்த ஜனம். கர்த்தருடைய நாள் வந்தா எதிரிங்க அழிவாங்க, நமக்கு வெளிச்சம்னு பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தவங்க. அவங்ககிட்ட தெக்கோவா ஊர்ல ஆடு மேய்ச்ச இந்த ஆமோஸ் வந்து, அந்த நாளை விரும்புறீங்களே உங்களுக்கு ஐயோ, அது உங்களுக்கு வெளிச்சம் இல்ல இருட்டுன்னு சொல்றார். கி.மு. 722 வாக்குல அவங்க தலைநகர் சமாரியா அசீரியா கையில விழுந்துச்சு. அன்னைக்கு இருண்டது.

அதே ஆமோஸ் பத்தாம் வசனத்துல, ஒரே பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம் மாதிரி ஒரு துக்கம் வரும்ங்கிறார். இதை வாசிக்கிற எந்த விசுவாசிக்கும் சிலுவை ஞாபகம் வராம இருக்காது. அங்கேயும் மத்தியானம், பன்னிரண்டு மணில இருந்து மூணு மணி வரைக்கும் இருட்டு. சூரிய கிரகணம் அமாவாசைல மட்டும்தான் வரும், முழு மறைப்பு அதிகபட்சம் ஏழரை நிமிஷம் வாக்குலதான். இது பஸ்கா சமயம், பௌர்ணமி, மூணு மணி நேரம். எந்த கிரகணப் பட்டியல்லயும் அது கிடைக்காது. தீர்க்கதரிசிகள் பாபிலோனுக்கும் பார்வோனுக்கும் கள்ளத் தராசு பிடிச்சவனுக்கும் சொன்ன இருட்டு, ஒரு தப்பும் பண்ணாத ஒருத்தர் மேல வந்து இறங்குது, அந்த இருட்டுக்குள்ள இருந்துதான் "ஏன் என்னைக் கைவிட்டீர்"னு குரல் வருது. அது தீர்ப்பு இல்லாம வேற என்னங்க?

மணி அடிச்சுட்டாங்க. நடுவர் ஐயா, தீர்ப்பு எழுதுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேண்டுகோள். ஆமோஸ் எட்டாம் அதிகாரத்தை நீங்களே ஒருதரம் எடுத்து வாசிங்க, ஆனா ஒன்பதாம் வசனத்துல ஆரம்பிக்காம நாலாம் வசனத்துல இருந்து வாசிச்சுட்டு சொல்லுங்க. வணக்கம்.