730 எட்டு

வணக்கம் நண்பர்களே. கையில் இருக்கும் இந்தத் தடிப் புத்தகம் ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் நாவல் ‘குற்றமும் தண்டனையும்’. எம்.ஏ.சுசீலாவின் மொழிபெயர்ப்பு. மொத்தம் ஆறு பாகங்கள். நான் முதல் பாகத்தை முடித்து இரண்டாவதில் கால் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனாலும் பேசாமல் இருக்க முடியவில்லை.

படிப்பை நிறுத்திய மாணவன் ரஸ்கோல்னிகோவ், பீட்டர்ஸ்பர்க்கில் ஓர் அடகுக்காரக் கிழவியைக் கோடரியால் கொல்கிறான். இது முன்பே தெரியும். கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகு இத்தனை பக்கம் எதற்கு என்ற அலட்சியத்தோடுதான் தொடங்கினேன்.

என்னை உட்கார வைத்தது ஒரு வட்டிக் கணக்கு. அப்பாவின் பழைய வெள்ளிக் கடிகாரத்தை அடகு வைக்கப் போகிறான். 4 ரூபிள் கேட்கிறான். கிழவி ஒன்றரைக்கு மேல் தர மாட்டேன் என்கிறாள். ரூபிளுக்கு மாதம் 10 கோபெக் வட்டி (100 கோபெக் ஒரு ரூபிள்), அதையும் முதலிலேயே பிடித்துக்கொள்கிறாள். இதற்கு 15, பழைய கடனுக்கு 20. அவன் கைக்கு வந்தது 1 ரூபிள் 15 கோபெக். நானும் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. நகை அடகுக்குப் போவதும் வருவதுமாக இருந்த வீட்டில் வளர்ந்தவள் நான்; கிழவியின் குரல்கூடக் காதில் விழுந்தது.

1866இல் மாதப் பத்திரிகையில் தொடராக வந்த நாவல் இது. அதே ஆண்டு அக்டோபரில், கடன் நெருக்கடியில் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தத்துக்காக, இதற்கு நடுவிலேயே இன்னொரு நாவலை 26 நாளில் சொல்லச் சொல்ல எழுத வைத்து முடித்திருக்கிறார் மனிதர். வட்டிக் கணக்கு பிசகாமல் வந்ததில் என்ன ஆச்சரியம்!

குறையும் உண்டு. மதுக்கடையில் அவன் சந்திக்கும் குடிகாரர் மர்மெலாதோவ் பேசத் தொடங்கினால் நிறுத்துவதே இல்லை. ஒரே ஆளுக்கு மூன்று பெயர் வேறு. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

கொலைக்கு வருகிறேன். அவன் குடியிருந்த வீட்டு வாசலிலிருந்து கிழவி வீடுவரை 730 எட்டு. முன்பே எண்ணி வைத்திருக்கிறான். கோடரியைத் தொங்கவிட மேலங்கிக்குள் துணி வளையம் தைக்கிறான். மரத்துண்டையும் இரும்புத் தகட்டையும் காகிதத்தில் சுற்றி, அடகுப் பொருள் போல நூலால் இறுக்கிக் கட்டுகிறான். முடிச்சை அவிழ்க்கக் கிழவி வெளிச்சத்தின் பக்கம் திரும்ப வேண்டும், அதற்காக. இவ்வளவும் யோசித்தவன், உள்ளே போன பிறகு கதவைத் தாழிட மறந்துவிடுகிறான். திறந்த கதவு வழியாகக் கிழவியின் தங்கை லிஸவேத்தா வந்து நிற்கிறாள். முகத்தை மறைத்துக்கொள்ளக்கூட அவள் கையை உயர்த்தவில்லை.

அதற்கப்புறம்தான் கதவுக்குக் கொக்கி மாட்டுகிறான். பிறகு வெளியே இரண்டு பேர் கதவை இழுக்கிறார்கள். உள்ளே கொக்கி குதிக்கிறது. அது கழன்றுவிடக் கூடாதே என்று நான் பதறினேன், நண்பர்களே. அறைக்குள் இரண்டு பெண்கள் செத்துக் கிடக்கிறார்கள். என் கவலையோ அவன் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது! என்மேலேயே எரிச்சல் வந்து எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

இரண்டாம் பாகம் தொடங்கியதும், திருடியதைச் சுவர்க் காகிதத்துக்குப் பின்னால் ஓர் ஓட்டையில் திணிக்கிறான். காலையில் காவல் நிலையத்திலிருந்து அழைப்பாணை. நடுங்கிக்கொண்டே போகிறான். எதற்குத் தெரியுமா? வீட்டுக்காரிக்குத் தர வேண்டிய கடன் பாக்கிக்கு.