ஊரே காசு சேர்த்துக் கட்டிய பள்ளிக்கூடங்கள்: ரோசன்வால்ட் பள்ளிகளின் கதை

(திரையில்: மரங்களுக்கு நடுவே, மரப்பலகைச் சுவர்களோடு ஒரு சிறிய கட்டடம்)

வணக்கம். நீங்கள் பார்ப்பது ரோசன்வால்ட் பள்ளிகளில் ஒன்றான ஹோப் பள்ளி. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், பொமேரியா என்கிற சின்ன ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1925-26ல் கட்டியது. வகுப்பறை இரண்டு, ஆசிரியர் இரண்டு பேர். படித்தவர்கள் எல்லாரும் கறுப்பினக் குழந்தைகள். அன்றைய சட்டப்படி அவர்கள் வெள்ளையர் பள்ளிக்குள் நுழைய முடியாது.

முதலில் ஜன்னல்களைக் கவனியுங்கள். இவ்வளவு சின்னக் கட்டடத்தில் இவ்வளவு உயரமான ஜன்னல்கள், அதுவும் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக. இப்படி அமைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முன் கொஞ்சம் வரலாறு.

(திரையில்: 1912)

ஜூலியஸ் ரோசன்வால்ட், சிகாகோவின் பெரிய வணிகர். அஞ்சல் வழி வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் தலைவர். ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தின் பிள்ளை. 1912ல் தன் ஐம்பதாவது பிறந்தநாளையொட்டி, அலபாமாவிலுள்ள டஸ்கீகி கல்வி நிறுவனத்துக்கு 25,000 டாலர் கொடுத்தார். அதை நடத்தி வந்தவர் புக்கர் டி. வாஷிங்டன், அடிமையாகப் பிறந்து கல்வியாளராக உயர்ந்தவர். அந்தப் பணத்தில் மிஞ்சியதை வைத்துச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஆறு பள்ளிகள் கட்டலாமா என்று அவர் கேட்டார். ரோசன்வால்ட் சரி என்றார். முதல் பள்ளி 1913ல் லோச்சபோகா என்ற ஊரில் எழுந்தது.

1932ல் திட்டம் நின்றபோது 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள் இருந்தன. ஆசிரியர் வீடுகளையும் தொழிற்பட்டறைகளையும் சேர்த்தால் 5,357 கட்டடங்கள். தென் மாநிலக் கிராமங்களில் படித்த கறுப்பினக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அப்போது இந்தப் பள்ளிகளில்தான் இருந்தார். எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ, கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் ஜான் லூயிஸ் இருவரும் இப்படிப்பட்ட பள்ளிகளிலிருந்து வந்தவர்களே.

இந்தக் கதையில் பலரும் தவறவிடுகிற ஒரு கணக்கு உண்டு.

(திரையில்: நான்கு நிறப் பட்டைகள்)

மொத்தச் செலவு ஏறத்தாழ 2 கோடியே 84 லட்சம் டாலர். ரோசன்வால்ட் தொடங்கிய ‘ரோசன்வால்ட் நிதி’ என்ற அறக்கட்டளை கொடுத்தது சுமார் 44 லட்சம். கறுப்பின மக்கள் கொடுத்தது சுமார் 47 லட்சம். ஆமாம், கோடீஸ்வரரின் நிதியைவிட அந்த ஏழை விவசாயிகள் போட்ட பணம் அதிகம். பெரும்பகுதியான 1 கோடியே 81 லட்சம் அரசு வரிப்பணம். மீதிச் சிறு தொகை வெள்ளையர்களின் நன்கொடை.

ஊர் மக்களும் பங்கு போட வேண்டும், அரசும் போட வேண்டும், அப்போதுதான் நிதி கிடைக்கும் என்பது ரோசன்வால்ட் வைத்த நிபந்தனை. மக்கள் பருத்தி விளைச்சலில் ஒரு பங்கை ஒதுக்கினார்கள். மரம் வெட்டிக் கொடுத்தார்கள். சாப்பாடு சமைத்து விற்றுக் காசு சேர்த்தார்கள். காசில்லாதவர்கள் உடலுழைப்பைக் கொடுத்தார்கள். இத்தனைக்கும் அவர்கள் ஏற்கெனவே வரி கட்டியவர்கள். அந்த வரிப்பணம் பெரும்பாலும் வெள்ளையர் பள்ளிகளுக்குப் போய்விட்டதால், தங்கள் பிள்ளைகளுக்காக இரண்டாம் முறை கட்டினார்கள். இதை ஒரு வள்ளலின் கொடையாக மட்டும் சொல்வது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஹோப் பள்ளிக்கு இரண்டு ஏக்கர் நிலம் கொடுத்தது ஹோப் என்ற வெள்ளையர் குடும்பம். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஹோப், அப்போது மாநிலக் கல்வித்துறையின் தலைவர். அந்தத் துறை கறுப்பினக் குழந்தைக்குச் செலவழித்ததோ வெள்ளைக் குழந்தைக்குச் செலவழித்ததில் ஒரு சிறு பகுதிதான். அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு முரண் போதும்.

(திரையில்: வகுப்பறையின் வரைபடம்)

இப்போது ஜன்னலுக்கு வருவோம். அன்றைக்குப் பெரும்பாலான கிராமங்களில் மின்சாரம் கிடையாது. சூரிய வெளிச்சத்தை நம்பித்தான் படிக்க வேண்டும். 1920 முதல் சாமுவேல் ஸ்மித் என்பவரின் மேற்பார்வையில் பள்ளி வரைபடங்கள் தயாராகி ஊர்களுக்குப் போயின. கிழக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ வகுப்பறைக்குள் வெளிச்சம் விழும்படி கட்டடத்தை அமைக்கச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்தால் கண் கூசும். அதனால் ஜன்னல்கள் ஒரே சுவரில். மேசைகளைப் போடும்போது வெளிச்சம் இடப்பக்கமாக வர வேண்டும், அப்போதுதான் வலக்கையால் எழுதும் பிள்ளையின் கை நிழல் தாளில் விழாது. இரண்டு வகுப்பறைகளுக்கு நடுவே நகர்த்தக்கூடிய தடுப்பு. அதைத் திறந்தால் ஊர்க் கூட்டத்துக்கு மண்டபம் தயார். குறைந்த செலவுக் கட்டடத்தில் இவ்வளவு அக்கறையா என்று வியப்பாக இருக்கிறது.

அப்புறம் 1954. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு முழுமையாக நடைமுறைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. பிரிவினை ஒழிந்தது பெரிய வெற்றி. ஆனால் இரு இனப் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பள்ளி நடத்தத் தொடங்கியபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. பல கட்டடங்கள் வைக்கோல் போடும் கொட்டகை ஆயின, சில வீடாயின, மீதி இடிந்து விழுந்தன. இன்று சுமார் 500 மட்டுமே மிஞ்சியிருப்பதாகக் கணக்கு. பத்தில் ஒன்று.

ஹோப் பள்ளியும் 1954ல் மூடப்பட்டது. ஆனால் 1958ல் அக்கம்பக்கத்து நில உரிமையாளர்கள் சேர்ந்த ஒரு சங்கம் அதை வாங்கிச் சமூகக் கூடமாக்கியது. அது பிழைத்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்: ஆட்கள் வந்துபோகிற கட்டடத்தில் கூரை ஒழுகினால் யாராவது கவனிப்பார்கள். 2007ல் அது தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது.

மற்ற பள்ளிகளைக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை. நாஷ்வில்லில் உள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் ரோசன்வால்ட் நிதியின் பழைய பதிவு அட்டைகள் இருக்கின்றன. பல அட்டைகளில் ஊர், செலவு, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விவரம். பல பள்ளிகளுக்குப் புகைப்படமும் உண்டு. ஒரு பழைய கொட்டகையின் ஜன்னல்கள் அடைக்கப்பட்டிருந்தாலும், சுவரில் அவற்றின் தடம் தெரிந்தால் இந்தப் படத்தோடு ஒப்பிட்டு அடையாளம் கண்டுவிடலாம். பழுதுபார்க்கும்போது முதலில் கூரை, பிறகு கட்டடத்தைத் தாங்கும் செங்கல் தூண்கள். தண்ணீர் உள்ளே வருவதை நிறுத்தாமல் வேறெதில் கைவைத்தாலும் வீண்செலவு. ஜன்னல்களை மட்டும் மலிவான புதுச் சட்டம் போட்டு மாற்றிவிடக் கூடாது. அவை போனால் கட்டடத்தின் அடையாளமே போய்விடும்.

2002ல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை, நாட்டிலேயே அதிக ஆபத்திலுள்ள 11 இடங்களின் பட்டியலில் ரோசன்வால்ட் பள்ளிகளைச் சேர்த்தது. பரவலான கவனம் அதன் பிறகுதான் வந்தது. 2021 ஜனவரியில், இவற்றுக்காக ஒரு தேசியப் பூங்கா அமைக்க முடியுமா என்று ஆராயும் சட்டம் கையெழுத்தானது.

ஹோப் பள்ளி மூடப்பட்ட ஆண்டில் அங்கே படித்த பிள்ளைகள் இன்று எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். எந்த மூலையில் அடுப்பு இருந்தது, விறகு யார் கொண்டுவருவார்கள், வகுப்பைப் பிரிக்கும் தடுப்பை எப்போது திறப்பார்கள் என்றெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பழுதுபார்க்கிற குழுக்கள் ஆணியைத் தொடுவதற்கு முன்பே அவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்கார வேண்டும்.