கட்டாத காலும் கண்ணாடிக் குழாயும்

அவைத்தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பணி முடிந்த கையோடு ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்திருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களே, மலைக்கிராமப் பெரியவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த வணிகர் சங்கத்தாரே, எல்லோருக்கும் வணக்கம்.

நாய்க்கடி, டெங்கு, பாம்புக்கடி என மூன்றையும் பேசச் சொன்னார்கள். பாம்பிலிருந்து தொடங்குகிறேன். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். படை நடுங்கட்டும், ஆரம்ப சுகாதார நிலையம் நடுங்கக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2017-ல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் சேர்த்தது. 2030-க்குள் சாவையும் ஊனத்தையும் பாதியாக்குவது என்று 2019-ல் இலக்கு வைத்தது. தமிழக அரசு 2024 நவம்பரில் இதை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. தனியார் மருத்துவமனைக்குப் போன கடியும் இனி அரசுக் கணக்கில் ஏற வேண்டும். எந்த ஊரில், எந்த மாதம், எத்தனை கடி என்று தெரிந்தால்தான் விஷமுறிவு மருந்துக் குப்பி அங்கே போய்ச் சேரும்.

கடித்ததும் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கொலுசுக்குப் பேர்போன ஊர் இது. கால் வீங்குமுன் கொலுசையும் மெட்டியையும் முதலில் கழற்றுங்கள். எலும்பு முறிந்த காலுக்குச் செய்வது போல மட்டை வைத்து அசையாமல் பிடித்து 108-ஐக் கூப்பிடுங்கள். கட்டுவிரியன் தரையில் தூங்குபவரை ராத்திரியில் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியும்போது வயிறு வலித்து இமை சரிந்தால் சந்தேகப்படுங்கள்.

மருத்துவமனையில் 2 மில்லி ரத்தத்தைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம். பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும், குப்பிகள் வீணாகும். விஷம் ஏறியது உறுதியானால் தொடக்கத்தில் விஷமுறிவு மருந்து 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவுதான், பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே! ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அந்தக் குப்பி எங்கிருந்து வருகிறது? மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில், பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து வந்து மண்பானையில் வைத்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து செய்கிறார்கள். அங்குள்ள மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017-ல் அமெரிக்காவே கூப்பிட்டது. ஃபுளோரிடாச் சதுப்புக்காட்டில் பெருகிப்போன மலைப்பாம்புகளைப் பிடித்துத் தர வேண்டுமாம். கூடவே மொழிபெயர்ப்பாளர்கள்; கையில் கடப்பாரை. நாய்களை விட்டுத் தேடிய நாட்டில் இவர்கள் தடம் பார்த்தே பிடித்தார்கள். 2023-ல் பத்மஸ்ரீ! பாம்பென்றால் படையும் நடுங்கும், இருளர் நடுங்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. அந்த மருந்து நான்கு பாம்புக்குத்தான். காப்பித் தோட்டத்தில் கிளையோடு கிளையாக இருக்கும் பச்சைக் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. அந்தக் கடிக்கு வீக்கத்தையும் ரத்த உறைவையும் கவனித்துச் சிகிச்சை செய்ய வேண்டும். காப்பி பறிப்பவர்கள் கிளையைத் தட்டிவிட்டுக் கை வையுங்கள்.

நாய்க்கடிக்கு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஊசிக்குப் போங்கள். மீதியையும் டெங்குவையும் இன்னொரு கூட்டத்தில் பேசலாம்.

வாசலில் மேசைமேல் மனு இருக்கிறது. மலையிலுள்ள ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் புதுக் கண்ணாடிக் குழாய் ஒரு பெட்டி, குறைந்தது 20 குப்பி, அட்ரினலின், செயற்கைச் சுவாசப் பை ஒன்று கேட்டிருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.