ஐ திங்க்: நினைக்கிறதா, தோன்றுகிறதா?

நேயர்களுக்கு வணக்கம். சில நாட்களுக்கு முன் ஒரு மாணவிக்கு நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்தேன். "இந்த வேலையைப் பற்றி என்ன நினைக்கிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "ஐ ஆம் திங்கிங் இட் இஸ் எ குட் ஜாப்" என்றாள். இலக்கணம் தெரியாத பெண் இல்லை. 'நினைக்கிறேன்' அவளை இழுத்துவிட்டது.

நமக்கு 'சாப்பிடுகிறேன்' என்ற ஒரே சொல் போதும். தினமும் சாப்பிடுவதற்கும் அது, இப்போது சாப்பிட்டுக்கொண்டிருப்பதற்கும் அதுதான். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. 'ஐ திங்க்' என்றால் கருத்து மனதில் வந்து உட்கார்ந்துவிட்டது. 'ஐ ஆம் திங்கிங்' என்றால் யோசனை இன்னும் ஓடுகிறது. ஸ்கூட்டர் வாங்கலாமா என்று கணக்குப் போடுகிறீர்களா? 'ஐ ஆம் திங்கிங் ஆஃப் பையிங் எ ஸ்கூட்டர்' சரி. நல்ல வேலையா என்று கேட்டவரிடம் 'திங்கிங்' என்றால், இவள் இன்னும் முடிவுக்கு வரவில்லையோ என்று அவர் சந்தேகப்படலாம்.

நான் அவளுக்குச் சொன்ன வழி இதுதான். 'நினைக்கிறேன்' இருக்கிற இடத்தில் 'எனக்குத் தோன்றுகிறது' என்று போட்டுப் பார். பொருந்தினால், 'இங்' வேண்டாம்.

இது நானாகக் கட்டிய சூத்திரம்தான். ஆனால் பழைய ஆங்கிலத்தில் உண்மையாகவே இரண்டு வினைகள் இருந்தன: 'தென்சன்' என்றால் யோசிப்பது, 'தின்சன்' என்றால் தோன்றுவது. காலப்போக்கில் இரண்டும் கலந்து 'திங்க்' ஆகிவிட்டன. பழைய ஆங்கில நாடகங்களில் 'எனக்குத் தோன்றுகிறது' என்ற பொருளில் வரும் 'மீதிங்ஸ்' அந்த இரண்டாவதன் மிச்சம். அதில் உள்ள 'மீ' அச்சு அசலாக நம் 'எனக்கு'. நான்காம் வேற்றுமை அங்கேயும் இருந்திருக்கிறது, பாருங்கள்!

அப்புறம், 'இல்லை' எங்கே வரும் என்பது. 'மழை வராது என்று நினைக்கிறேன்' என்று நாம் மழையை மறுப்போம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் நினைப்பை மறுப்பார்கள்: 'ஐ டோன்ட் திங்க் இட் வில் ரெயின்'. 'ஐ திங்க் இட் வோன்ட்' தப்பில்லை, வழக்கத்தில் குறைவு, அவ்வளவுதான்.

இதைத் தமிழுக்குக் கொண்டுவரும்போதுதான் வேடிக்கை. 'ஐ டோன்ட் திங்க் ஸோ' என்பதை டப்பிங் படங்களில் 'நான் அப்படி நினைக்கவில்லை' என்று விறைப்பாகச் சொல்வார்கள். பஸ் வருமா என்று கேட்டால் நம்மில் யார் அப்படிப் பேசுகிறோம்? சாலையை எட்டிப் பார்த்துவிட்டு, "வராது போலிருக்கே" என்போம்.