படகைப் பறிகொடுத்த இரண்டு கரைகள்

எல்லோருக்கும் வணக்கம்.

இன்றைய தலைப்பைச் சொன்னபோது, கூட்டத்தை ஏற்பாடு செய்த தம்பி கொஞ்சம் தயங்கினார். "ஐயா, வங்கதேசத்துக்காரர்களுக்கும் இந்த அலூட் மக்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு பக்கம், ஆற்றுச் சேற்றிலும் நெல் வயலிலும் நெருக்கியடித்து வாழும் 17 கோடிப் பேர். இன்னொரு பக்கம், அலாஸ்காவிலிருந்து ரஷ்யாவை நோக்கி வால்போல நீளும் தீவுகளில், மூடுபனியிலும் காற்றிலும் வாழும் சில ஆயிரம் பேர். அந்தத் தீவுகளில் மரம்கூடக் கிடையாது. அலூட் என்பதுகூட ரஷ்யர்கள் வைத்த பெயர். அவர்கள் தங்களை உனங்கன் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். இனி நானும் அப்படியே சொல்கிறேன்.

அந்தத் தம்பியின் கேள்விக்கு என் பதில் 1942-ஆம் ஆண்டில் இருக்கிறது.

அந்த மார்ச் மாதம் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மாவிலிருந்து நம்மவர்கள் மூட்டை முடிச்சோடு நடந்தே ஊர் திரும்பிய அதே நாட்கள். அடுத்து ஜப்பான் கடல் வழியாக வங்காளத்துக்குள் நுழையும் என்று ஆங்கிலேய அரசு பயந்தது. எதிரிக்கு எதுவும் கிடைக்கக் கூடாது என்று ஒரு திட்டம் போட்டார்கள். பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளைக் கரையோர மாவட்டங்களிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. 40,000-க்கும் மேற்பட்ட படகுகள் போயின. சிலவற்றைக் கொண்டுபோய்க் கட்டிப்போட்டார்கள். சிலவற்றை உடைத்தார்கள், எரித்தார்கள், மூழ்கடித்தார்கள்.

இன்றைய வங்கதேசத்தின் பாரிசால், குல்னா, நவகாளி பக்கம் படகு என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். அங்கே சாலை கிடையாது, ஆறுதான் சாலை. ஆற்றின் நடுவே எழும் மணல்திட்டை அவர்கள் 'சர்' என்கிறார்கள். அங்கே போய் விதைக்கப் படகு வேண்டும், அறுத்த நெல்லைச் சந்தைக்குக் கொண்டுபோகப் படகு வேண்டும், மீன் பிடிக்கப் படகு வேண்டும், குயவருக்கு மண் கொண்டுவரவும் படகுதான். அதோடு, உபரி என்று கருதிய நெல்லையும் அரசு வாங்கி அப்புறப்படுத்தியது. மறு வருடம் பஞ்சம் வந்தது. பர்மா அரிசி நின்றுபோனது, போர்க்கால விலையேற்றம், பதுக்கல், 1942 அக்டோபர் புயல் என்று அதற்குக் காரணங்கள் பல. எல்லாவற்றையும் படகின் மேல் போட நான் வரவில்லை. ஆனால் சுமார் 30 லட்சம் பேரைக் கொன்ற அந்தப் பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்கள் யார் என்று அமர்த்தியா சென் கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறார். கூலி உழவர்களோடு, மீனவர்களும் படகோட்டிகளும்தான் முன்வரிசையில் இருந்தார்கள்.

சரி, இப்போது வடக்கே போவோம். அதே 1942, ஜூன் 3. உனங்கன் தீவுகளில் ஒன்றான உனலாஸ்காவின் டச்சு ஹார்பர் துறைமுகத்தை ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசித் தாக்கின. சில நாட்களில் அட்டு தீவு ஜப்பானியர் பிடியில். அங்கிருந்த உனங்கன் மக்கள் 42 பேரை ஜப்பானின் ஒடாரு நகருக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அங்கேயே செத்துப்போனார்கள். இது எதிரி செய்தது. சொந்த அரசு என்ன செய்தது? அட்கா தீவில் ஊர் மக்கள் மீன்பிடிக் குடில்களுக்குப் போயிருந்த நேரத்தில், அமெரிக்கக் கடற்படை அவர்கள் வீடுகளையும் தேவாலயத்தையும் கொளுத்தியது. ஜப்பானியர் வந்தால் தங்க இடம் இருக்கக் கூடாதாம். வங்காளத்தில் படகை உடைத்தபோது சொன்ன அதே நியாயம், சில வாரங்களே இடைவெளி.

பிறகு 881 பேரைக் கப்பலில் ஏற்றி, அலாஸ்காவின் தென்கிழக்கே இருந்த முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். கையில் ஆளுக்கு ஒரு பெட்டி. உனலாஸ்காவில் இருந்த வெள்ளையர்கள் அங்கேயே இருக்கலாம், உனங்கன் ரத்தம் உள்ளவர்கள் மட்டும் கிளம்ப வேண்டும். அனுப்பிய இடங்களில் ஒன்று ஃபன்டர் விரிகுடா. கைவிடப்பட்ட மீன் டப்பாத் தொழிற்சாலை ஒன்று, பழைய தங்கச் சுரங்கக் கட்டடங்கள் சில. குளிருக்கு ஒழுங்கான சுவர் இல்லை, நல்ல குடிநீர் இல்லை, கழிப்பறை இல்லை. நான் படித்ததில் மறக்க முடியாத விஷயம் ஒன்று: மரமே பார்க்காமல் வளர்ந்தவர்கள் அவர்கள். கடலின் தொடுவானம்தான் அவர்களுக்கு வீட்டு வாசல். இங்கே நான்கு பக்கமும் அடர்ந்த மழைக்காடு. மரங்கள் மூச்சை அடைப்பதுபோல் இருந்தன என்று தப்பிப் பிழைத்த முதியவர்கள் சொன்னார்கள். முகாம்களுக்குப் போனவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் திரும்பவில்லை. அதிகம் போனது கிழவர்களும் குழந்தைகளும்.

இதில் ஒரு விவரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1943 கோடையில், அந்த முகாமிலிருந்த, பெரிங் கடலின் பிரிபிலோஃப் தீவுகளைச் சேர்ந்த ஆண்களை அரசு திரும்பத் தீவுக்கு அழைத்துப்போனது. போர் நடக்கிறது, ஆபத்து என்றுதானே வெளியேற்றினீர்கள்? ஆனால் சீல் வேட்டை நிற்கக் கூடாது. ரோமத் தோலுக்காகக் கொல்லும் கடல் சீல்கள் அவை. அந்த ஒரு பருவத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட தோல்களை எடுத்தார்கள். மனைவி மக்கள் முகாமிலேயே இருந்தார்கள். அந்த வருடம் அங்கே தட்டம்மை பரவியது.

பொருளாதார ஒப்பீடு என்றால் வழக்கமாகத் தலைக்கு இத்தனை டாலர் என்று பட்டியல் போட்டு முடித்துவிடுவார்கள். அந்தக் கணக்கில் உனங்கன் மக்கள் அமெரிக்கர்கள், வங்கதேசத்தவர் கிட்டவே வர முடியாது. அந்தக் கணக்கு பொய்யில்லை. ஆனால் பிழைப்புக்கான கருவி யார் கையில், கணக்கு நோட்டை எழுதுவது யார் என்பது அதில் தெரியாது. நான் அதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

பிரிபிலோஃப் தீவுகளையே எடுத்துக்கொள்வோம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரஷ்ய வியாபாரிகள் உனங்கன் மக்களைக் கொண்டுபோய் அங்கே குடியேற்றினார்கள், சீல் கொல்வதற்காக. அதற்கு முன்பே கடல் நீர்நாய்த் தோலுக்காகக் குடும்பங்களைப் பிணையாக வைத்துக்கொண்டு ஆண்களை வேட்டைக்கு அனுப்பிய கதை இருக்கிறது. நோயும் வன்முறையும் சேர்ந்து, ரஷ்யர் வருவதற்கு முன் பத்தாயிரத்துக்கு மேல் இருந்த மக்களை இரண்டாயிரம் அளவுக்குக் குறைத்துவிட்டன. 1867-ல் அமெரிக்கா 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை வாங்கியது. முதலில் கம்பெனிகளுக்குக் குத்தகை, 1910 முதல் அரசே நேரடி முதலாளி. சீல் தோலால் அரசுக்கு வந்த வருமானம் அலாஸ்காவுக்குக் கொடுத்த விலையையே தாண்டிவிட்டது. வேலை செய்தவனுக்கு என்ன கிடைத்தது? பெரும்பாலும் ரொக்கம் இல்லை. கடையில் பற்று. கடையும் முதலாளியுடையது, வீடும் முதலாளியுடையது. தீவை விட்டு வெளியே போகவே அரசு ஏஜென்ட்டின் அனுமதி வேண்டும்.

கடற்கரையிலிருந்து வந்திருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வங்கதேசத்தில் இதற்கு 'தாதன்' என்று பெயர், முன்பணம். நீலச் சாயம் தரும் அவுரிச் செடியை வங்காளத்தில் பயிரிட்ட காலத்திலேயே இருந்த வார்த்தை. விவசாயி கையில் தாதன் கொடுத்து அவுரி போட வைத்தார்கள், அதை எதிர்த்துத்தான் 1859-ல் வங்காளத்தில் கிளர்ச்சி வெடித்தது. இன்று அதே வார்த்தை இலிஷ் என்கிற ஹில்சா மீன் பிடிப்பவர்களிடம் இருக்கிறது. வலை வாங்க, படகு பழுது பார்க்க, டீசல் போட ஆடத்தார் என்கிற மீன் மண்டிக்காரரிடம் பணம் வாங்குகிறார்கள். வட்டி என்று தனியாக எழுதமாட்டார்கள். பிடித்த மீனை அவரிடமே கொடுக்க வேண்டும், விலையை அவர் சொல்வார், கமிஷனும் எடுத்துக்கொள்வார். வட்டி அந்த விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். நம் கரையிலும் முன்பணம் கொடுத்த வியாபாரிக்குத்தான் மீன் போக வேண்டும் என்ற வழக்கம் உண்டு. பிரிபிலோஃபின் செயின்ட் பால் தீவுக் கடைப் பற்றையும் வங்கதேசத்தின் போலா தீவு தாதனையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், எது பணக்கார நாட்டில் நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

போலா என்றதும் 1970 நவம்பர் 12 நினைவுக்கு வரும். அன்றிரவு வந்த புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் செத்தார்கள். மேற்கு பாகிஸ்தானிலிருந்து ஆண்ட அரசு காட்டிய மெத்தனத்தைக் கிழக்கு மறக்கவில்லை. அடுத்த மாதத் தேர்தலில் அவாமி லீக் கிழக்கில் கிட்டத்தட்ட எல்லா இடங்களையும் அள்ளியது. பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். 1971 டிசம்பர் 16, டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது, கிழக்கு பாகிஸ்தான் வங்கதேசம் ஆனது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 18 அன்று, வாஷிங்டனில் நிக்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். வங்காள விரிகுடாவுக்குப் போர்க்கப்பல் அனுப்பிய அதே நிக்சன், அதே மாதம். அலாஸ்கா பூர்வகுடிகளின் நில உரிமைக் கோரிக்கையைத் தீர்க்கும் சட்டம் அது. 4.4 கோடி ஏக்கர் நிலம், 96.25 கோடி டாலர் பணம். ஆனால் ஊருக்கோ இனத்துக்கோ நேராகக் கொடுக்கவில்லை, கம்பெனிகள் தொடங்கி அவற்றிடம் கொடுத்தார்கள். உனங்கன் பகுதிக்கு வந்தது அலூட் கார்ப்பரேஷன். டிசம்பர் 18 வரை பிறந்திருந்தவர்களுக்குப் பங்கு. மறுநாள் பிறந்த குழந்தைக்குத் தானாகக் கிடையாது.

அந்த ஒரே வாரத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எண்ணிக்கை இருந்ததால் வங்காளிகள் ஒரு நாட்டையே எடுத்துக்கொள்ள முடிந்தது. சில ஆயிரம் பேரால் அது முடியாது. அவர்களுக்கு வந்தது பங்குப் பத்திரம். மொழியிலும் இதே கதைதான். 1952 பிப்ரவரி 21-ல் வங்க மொழிக்காக டாக்காவில் உயிர் விட்டார்கள், இன்று உலகமே அந்த நாளைத் தாய்மொழி நாளாகக் கொண்டாடுகிறது. உனங்கன் மொழிக்கு 1820-களிலேயே வெனியமினோவ் என்ற ரஷ்யப் பாதிரியார் உள்ளூர்க்காரர் ஒருவரோடு சேர்ந்து எழுத்து வகுத்தார். பின்னால் வந்த அமெரிக்கப் பள்ளிகள் அதைப் பேசிய பிள்ளைகளைத் தண்டித்தன. இன்று சரளமாகப் பேசுபவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்த முதியவர்கள்தான்.

நாடு கிடைத்ததும் வங்கதேசம் என்ன செய்தது என்பதற்கு எனக்குப் பிடித்த ஒரு காட்சி. 1980-களில் பிராக் என்ற வங்கதேசத் தொண்டு நிறுவனத்தின் பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாகிற காலம். மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர், அதாவது ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர். தாய் தன் கையாலேயே கலக்கிக் காட்ட வேண்டும். சில வாரம் கழித்து வேறொருவர் போய், அந்தத் தாய்க்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று சோதிப்பார். ஞாபகம் இருந்த அளவுக்குத்தான் சொல்லிக்கொடுத்தவருக்குச் சம்பளம்! பத்து வருடத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். டாலர் கணக்கில் இன்னும் பின்தங்கிய நாடு. ஆனால் சராசரி ஆயுள் 70-ஐத் தாண்டிவிட்டது. ஒரு தாய்க்கு ஆறேழு பிள்ளை என்றிருந்தது இரண்டை ஒட்டி வந்துவிட்டது.

அதற்காக எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஏற்றுமதி வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்கு ஆயத்த ஆடை. தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2013 ஏப்ரல் 24 அன்று ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்தது. முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கிக் கிளையை மூடிவிட்டு ஊழியர்களை அனுப்பினார்கள். தையல்காரர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். 1,100-க்கும் அதிகமானோர் செத்தார்கள். நாடு சொந்த நாடுதான், ஆனால் அந்தக் காலையில் கதவைத் திறப்பதா மூடுவதா என்பது அந்தப் பெண்கள் கையில் இல்லை.

உனங்கன் பக்கமும் சில விஷயங்கள் கைக்கு வந்தன. 1988-ல் அமெரிக்க அரசு முகாம் கொடுமைக்கு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 12,000 டாலர் கொடுத்தது. 1992 முதல் பெரிங் கடல் மீன்பிடிப்பில் ஒரு பங்கைக் கரையோர ஊர்களுக்கே ஒதுக்கினார்கள். சீல் வேட்டையை விட்டு அரசு விலகியதும் செயின்ட் பால் தீவு நண்டை நம்பியது. ஊர் முழுக்கச் சுமார் 400 பேர். நண்டு வரிதான் நகராட்சியின் உயிராக இருந்தது. 2018-க்கும் 2021-க்கும் இடையில், கடல் சூடேறியதில், சுமார் 1,000 கோடிப் பனி நண்டுகள் காணாமல் போயின. 2022 அக்டோபரில் வரலாற்றிலேயே முதல் முறையாகப் பருவத்தையே மூடினார்கள். அந்தக் கடலைச் சூடாக்கியதில் அந்த 400 பேரின் பங்கு எவ்வளவு இருக்கும்? மேக்னா ஆறு வீட்டை அரித்துவிட, டாக்காவின் போலா குடிசைப் பகுதிக்கு வந்து ரிக்‌ஷா இழுப்பவரின் பங்குதான் எவ்வளவு?

அக்டோபர் என்றதும் ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். வங்கதேசத்தில் இலிஷ் முட்டையிடும் காலத்தில் 22 நாள் தடை உண்டு. அதுவும் அக்டோபரை ஒட்டித்தான் வரும். நல்ல தடை, அதனால் மீன் பெருகியது. அந்த நாட்களில் மீனவர் குடும்பத்துக்கு அரசு அரிசி தருகிறது. தாதனுக்கு விடுமுறை கிடையாது. கரையில் உட்கார்ந்து வலையைப் பழுது பார்க்கிறார்கள், அந்த நூல் வாங்கக்கூட ஆடத்தாரிடம்தான் போகிறார்கள். கடைசி நாள் நள்ளிரவில் தடை நீங்கும். மேக்னா முகத்துவாரம் முழுக்க எஞ்சின் சத்தமும் விளக்குகளுமாகப் படகுகள் கிளம்பும். விடியற்காலையில் முதல் மீன் கூடையோடு கரையேறும்போது, மண்டியில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடத்தார் உட்கார்ந்திருப்பார்.